டாக்டரைப் பார்க்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: மஞ்சக்குப்பத்து டோக்கன் மேசையிலிருந்து

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பொது மருத்துவரின் கிளினிக்கில் பதினான்கு வருஷமாக டோக்கன் எழுதிக் கொடுக்கிறேன். தேவனாம்பட்டினம், முதுநகர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, அந்தப் பக்கம் கன்னியக்கோயில், பாகூர் என்று பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். எல்லோரும் கேட்பது அநேகமாக ஒரே சந்தேகங்கள்தான். பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது என்னால் அரை வரிதான் பதில் சொல்ல முடிகிறது. அதனால் இங்கே முழுதாக எழுதிவிட்டேன்.

நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. மருந்து, பரிசோதனை பற்றி எழுதியிருப்பதெல்லாம் எங்கள் டாக்டர் தினமும் சொல்லிக் கேட்டது; எழுதியபின் அவரிடம் காட்டித் திருத்தி வாங்கினேன். என் அம்மாவை ஆறு வருஷமாகப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போய் வருவதால், பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கும் கஷ்டமும் எனக்குத் தெரியும்.

"எட்டு மணிக்கே வந்து பேரு குடுத்தேன். மணி பதினொண்ணு ஆவுது, இன்னும் கூப்பிடல. அப்புறம் எதுக்கு டோக்கன்?"

டோக்கன் வரிசைக்குத்தான், நேரத்துக்கு இல்லை. எங்கள் டாக்டர் ஒரு மணி நேரத்தில் பத்துப் பேரைப் பார்ப்பார். உங்கள் நம்பர் 32 என்றால், அவர் நாற்காலியில் உட்கார்ந்த நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் ஆகும். போர்டில் 9 மணி என்று போட்டிருந்தாலும், ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிற நோயாளிகளைப் பார்த்துவிட்டு வர ஒன்பதே முக்கால் ஆகிவிடும்.

அதனால் பெயர் கொடுக்கும்போதே மூன்று விஷயம் கேளுங்கள். டாக்டர் வந்துவிட்டாரா, இப்போது எத்தனாவது நம்பர் உள்ளே இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பேர் போகிறார்கள். இதைக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நேரம் இருக்கிறது என்று தெரிந்தால் போன் நம்பரை மேசையில் கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். வெளியே போன நேரத்தில் உங்கள் நம்பர் கடந்துவிட்டால் கடைசிக்குப் போக வேண்டியதில்லை. இரண்டு பேர் தள்ளி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நான் அப்படித்தான் அனுப்புகிறேன்.

திங்கட்கிழமை காலையும், ஐப்பசி கார்த்திகை மழை மாதங்களும் கூட்டம் தாங்காது. அவசரமில்லாத விஷயம் என்றால் புதன், வியாழன் வாருங்கள்.

"எனக்குப் பின்னாடி வந்தவங்க உள்ள போறாங்களே, அவங்க என்ன ஒசத்தி?"

காய்ச்சலில் துவண்ட குழந்தை, ரத்தம் வழிகிற காயம், நிற்க முடியாத வயசானவர் என்றால் முன்னால் அனுப்புவோம். ரிப்போர்ட்டை மட்டும் காட்ட வந்தவர்களை நடுநடுவே ஒருவராக அனுப்புவதும் உண்டு. டை கட்டிக்கொண்டு பையோடு நிற்கிறவர்கள் மெடிக்கல் ரெப்புகள். அவர்களைக் கடைசி நோயாளி போன பிறகு பார்ப்பதுதான் முறை. நோயாளிகளைக் காக்க வைத்துவிட்டு அவர்கள் போனால் தாராளமாகக் கேளுங்கள். தெரிந்தவர், சொந்தக்காரர் என்று நுழைகிறவர்களும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதற்கு நான் நியாயம் கற்பிக்க மாட்டேன். சண்டை போடாமல், "இவங்க எதுக்கு முன்னாடி போறாங்கம்மா?" என்று சத்தமாக ஒரு தடவை கேட்டாலே அடுத்தவர் நுழையத் தயங்குவார்.

இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நெஞ்சில் பாரம், மூச்சுத் திணறல், திடீரென்று ஒரு பக்கம் கை கால் விளங்காமல் போவது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, பாம்புக்கடி இதற்கெல்லாம் டோக்கனே கிடையாது. இந்த மாதிரி நேரத்தில் எங்களைப் போன்ற சின்ன கிளினிக்குக்கே வராமல் 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் சரி. ஒரு நாள் நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த ஒருவர் 27-ஆம் நம்பரை வாங்கிக்கொண்டு, தாடையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "கேஸ்தான்மா, சும்மா" என்றார். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. பக்கத்திலிருந்த அம்மாதான் அதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். மாரடைப்பு வலி தாடையிலும் வரும், தோளிலும் வரும், வெறும் வியர்வையாகவும் வரும். அவர் பிழைத்தது அந்த அம்மாவால்தான்.

"ரிப்போர்ட் காட்டத்தானே வந்தேன், அதுக்கும் ஃபீஸா?"

இடத்துக்கு இடம் மாறும். சிலர் ஒரு வாரத்துக்குள் வந்தால் வாங்க மாட்டார்கள், சிலர் பாதி வாங்குவார்கள், சிலர் முழுசாகவே வாங்குவார்கள். ஆனால் ஃபீஸ் எவ்வளவு என்பதை டாக்டர்கள் போர்டில் எழுதி வைக்க வேண்டும் என்று 2002-ஆம் வருஷத்து மருத்துவ கவுன்சில் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. போர்டு இல்லை என்றால் முதல் நாளே, "ரிப்போர்ட்டோடு திரும்பி வந்தா மறுபடி ஃபீஸ் உண்டா, எத்தனை நாளைக்குள்ள வரணும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நீட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்கிற சிகிச்சைக்கானது. கிளினிக் ஃபீஸுக்குச் செல்லாது.

"வீட்ல ஆயிரம் நெனச்சுக்கிட்டு வரேன். உள்ள போய் உக்காந்தா எல்லாம் மறந்துபோவுது."

எல்லோருக்கும் மறக்கும். உள்ளே கிடைப்பது ஐந்தாறு நிமிஷம். அதில் முதல் ஒரு நிமிஷம் "நல்லா இருக்கீங்களா, எந்த ஊரு" என்று போய்விடும். ஒரு துண்டுச் சீட்டில் மூன்றே வரி எழுதிக்கொண்டு வாருங்கள். என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, எப்போது அதிகமாகிறது. எழுத வராதவர்கள் காத்திருக்கும்போது பக்கத்தில் இருக்கிற பிள்ளைகளிடம் சொல்லி எழுதி வாங்கலாம். என்னிடம் கேட்டால் நானே எழுதித் தருவேன். எதற்காக முக்கியமாக வந்தீர்களோ அதை முதலில் சொல்லுங்கள். பலர் சளி, இருமல் என்று ஆரம்பித்து, கதவைத் திறந்துகொண்டு வெளியே வரும்போதுதான், "அப்புறம் டாக்டர், வெளிக்குப் போறப்ப ரத்தம் வருது" என்கிறார்கள்.

சாப்பிடுகிற மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். வேறு டாக்டர் கொடுத்தது, நாட்டு மருந்து, கடையில் சொல்லி வாங்கிய வலி மாத்திரை எல்லாமே. தேவனாம்பட்டினத்துப் பாட்டி ஒருவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து நாலு அட்டைகளை என் மேசையில் பரப்பினார். நாலிலும் பெயர் இருந்த ஓரம் காணோம். அந்தப் பக்கத்திலிருந்தே மாத்திரையைப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டிருந்தார். எது பிரஷருக்கு, எது சர்க்கரைக்கு என்று கண்டுபிடிக்க எங்களுக்கு அரை மணி நேரம் ஆனது. மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் எந்த ஓரத்தில் இருக்கிறதோ அதற்கு எதிர் ஓரத்திலிருந்து பிரியுங்கள். கடைக்காரர் அட்டையை வெட்டிக் கொடுத்தாலும் பெயர் உள்ள துண்டைக் கேட்டு வாங்குங்கள்.

"வெறும் வயித்துல வரச் சொன்னாங்க. தண்ணி குடிக்கலாமா? மாத்திரை போடலாமா?"

தண்ணீர் குடிக்கலாம். காபி, டீ, மோர், வெற்றிலை பாக்கு எதுவும் கூடாது. ராத்திரிச் சாப்பாட்டுக்கும் ரத்தம் எடுப்பதற்கும் நடுவே குறைந்தது 8 மணி நேரம் இருக்க வேண்டும். சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் பொதுவாக ரத்தம் கொடுத்த பிறகு சாப்பாட்டோடு எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். வெறும் வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொண்டு பண்ருட்டியிலிருந்து பஸ் ஏறினால் வழியிலேயே சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். மற்ற மாத்திரைகளுக்கு முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பையில் இட்லியோ பிஸ்கட்டோ இருக்கட்டும், ரத்தம் கொடுத்ததும் சாப்பிட.

அடுத்து "சாப்பிட்டு ரெண்டு மணி நேரம்" என்பதில் எல்லோருக்கும் குழப்பம். முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து கணக்கு. கை கழுவிய நேரத்திலிருந்து இல்லை. தினமும் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள், தினமும் போடுகிற மாத்திரையையும் போடுங்கள். பரிசோதனை நாளில் மட்டும் ஒரே ஒரு இட்லியோடு நிறுத்திக்கொண்டால் நல்ல நம்பர் வரும், உங்களுக்குத் தப்பான மருந்து வரும். எச்பிஏ1சி என்று எழுதியிருந்தால் அது ரத்தச் சர்க்கரையின் இரண்டு மூன்று மாதச் சராசரி. அதற்கு வெறும் வயிறு தேவையே இல்லை.

"வீட்ல பாத்தா பிரஷர் நார்மல். இங்க வந்தா மட்டும் ஏறுது. உங்க மிஷின் சரியில்லையா?"

மிஷின் சரியாக இருந்தாலும் அப்படி நடக்கும். டாக்டரைப் பார்த்த பதற்றத்தில் ஏறுகிறவர்கள் நிறைய. அதை "வெள்ளைக் கோட்டு பிரஷர்" என்றே சொல்வார்கள். பஸ்ஸில் நின்றபடி வந்து, மாடிப்படி ஏறி, சிறுநீரை அடக்கிக்கொண்டு, பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டே கையை நீட்டினால் யாருக்கும் ஏறத்தான் செய்யும்.

அளக்கும் முன் ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்திருங்கள். அரை மணி நேரத்துக்குள் டீயோ சிகரெட்டோ வேண்டாம். பாத்ரூம் போய்விட்டு வாருங்கள். இரண்டு பாதமும் தரையில் இருக்க வேண்டும், கால் மேல் கால் கூடாது. கை மேசை மேல், நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். அளக்கும்போது பேச வேண்டாம். பட்டையைச் சட்டை மேல் சுற்றினால், "சட்டையை ஏத்திக்கட்டுமா?" என்று கேளுங்கள். பருமனான கைக்குச் சின்னப் பட்டை சுற்றினாலும் அளவு கூடிக் காட்டும். உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் வீட்டில் ஒரு வாரம், காலையும் மாலையும் அளந்து தேதி போட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். முதலில் சொன்ன துண்டுச் சீட்டின் பின்பக்கம் போதும். எங்கள் டாக்டர் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்வார்.

"டாக்டர் எழுத்து நமக்குப் புரிய மாட்டேங்குது. மெடிக்கல்காரருக்கு மட்டும் எப்படிப் புரியுது?"

பழக்கத்தில் புரிந்துகொள்கிறார். சில சமயம் யூகிக்கிறார், அதுதான் எனக்குப் பயம். மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று ஃபீஸ் போர்டு பற்றிச் சொன்ன அந்த விதிகளில் 2016-இல் திருத்தமே வந்தது. அதனால் "படிக்க முடியல டாக்டர், கொஞ்சம் தெளிவா எழுதித் தாங்க" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

1-0-1 என்றால் காலையும் ராத்திரியும். ஓடி என்றால் ஒரு வேளை, பிடி இரண்டு வேளை, டிடிஎஸ் மூன்று வேளை. எஸ்ஓஎஸ் என்றால் தேவைப்பட்டால் மட்டும். இதில் ஒரே ஒரு எச்சரிக்கை. மூட்டு வாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் கொடுக்கிற மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள் போட வேண்டிய மாத்திரை. தினமும் என்று நினைத்துப் போட்டு உயிருக்கே ஆபத்து வந்தவர்கள் இருக்கிறார்கள். "வாரம் ஒரு நாள்" என்று சொன்னால் எந்தக் கிழமை என்று கேட்டு, அட்டையிலேயே தமிழில் எழுதி வாங்குங்கள். மருந்து வாங்கியதும் நேரே வீட்டுக்குப் போகாமல் என் மேசைக்கு வந்து காட்டிவிட்டுப் போகச் சொல்வேன். அதற்கு டோக்கன் வேண்டாம்.

"இவ்ளோ காய்ச்சல், ஒரு ஊசி கூடப் போடாம அனுப்பிட்டாரே?"

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வரும். கோபமாகவும் வரும். மழைக்காலத்தில் வருகிற காய்ச்சலில் பெரும்பாலானது வைரஸ் காய்ச்சல். அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. ஊசியால் கொடுத்தாலும் செய்யாது. ஊசி போட்டதும் குறைந்தது என்று நினைப்பது அநேகமாகக் காய்ச்சல் மருந்தின் வேலை, அதே மருந்து மாத்திரையாகவும் இருக்கிறது. குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால் தெம்பு வரும் என்பதும் அப்படித்தான். வாயால் குடிக்க முடிகிறவருக்குக் கஞ்சியும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் போதும்.

டெங்குவாக இருக்குமோ என்ற சந்தேகம் இருக்கும்போது பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். டைக்ளோஃபினாக், ஐப்யூபுரோஃபன், ஆஸ்பிரின் ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். காய்ச்சல் விட்ட நாளில் ஓயாத வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம் வந்தால் டெங்குவில் அதுதான் ஆபத்தான கட்டம். காய்ச்சல் போய்விட்டதே என்று வீட்டில் இருக்காமல் உடனே வாருங்கள்.

கடையில் நீங்களாகக் கேட்டால் சில ஆன்டிபயாடிக்குகளைத் தர மாட்டார்கள். 2014-இலிருந்து அவை எச்1 என்ற தனிப் பட்டியலில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். கடைக்காரர் மறுத்தால் அவர் சரியாக நடக்கிறார் என்று அர்த்தம்.

"இங்கயே பாக்கறதா, பாண்டிக்கு ஜிப்மர் போயிடறதா?"

காய்ச்சல், சளி, பிரஷர், சர்க்கரைக்கு ஜிப்மர் தேவையில்லை. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையமும் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையும் போதும். பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021-இலிருந்து நடக்கிறது. உங்கள் ஊர்ச் செவிலியரிடம் கேளுங்கள். எங்கள் கிளினிக்குக்கு வருமானம் போகும் என்பதற்காக இதைச் சொல்லாமல் இருக்க மாட்டேன். எங்கள் டாக்டரும் இதைத்தான் சொல்வார்.

பெரிய நோய், ஆபரேஷன் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் போகலாம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் 1823-இல் மருத்துவப் பள்ளியாக ஆரம்பித்து, 1964-இல் ஜிப்மர் என்று பெயர் மாறிய இடம் அது. பல மாவட்டத்து ஜனங்களும் அங்கேதான் வருகிறார்கள். அதனால் காத்திருப்பும் பெரிசு. விடியற்காலை பஸ் ஏறிப் பாண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்து கோரிமேட்டுக்கு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். முதல் தடவை கொடுக்கிற ஆஸ்பத்திரி நம்பரைப் பத்திரமாக வையுங்கள்; அம்மாவின் நம்பரை நான் போனிலும் எழுதியிருக்கிறேன், வீட்டு காலண்டரிலும் எழுதியிருக்கிறேன். எழுதிக் கொடுத்த கடிதம், பழைய ரிப்போர்ட், ஆதார் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். ஒவ்வொரு துறைக்கும் தனித்தனிக் கிழமை உண்டு. மறுபடி வரச் சொன்ன தேதியைத் தவற விடாதீர்கள்.

"வேற டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டலாம்னு இருக்கோம். ரிப்போர்ட் கேட்டா கோவிச்சுக்குவாரா?"

சிலருக்கு முகம் சுருங்கும். ஆனாலும் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிகிச்சை எடுத்தவர்களின் பதிவுகளை 3 வருஷம் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். இதுவும் ஃபீஸ் போர்டு பற்றிச் சொன்ன அதே விதிகளில் இருப்பதுதான். எழுத்தில் கேளுங்கள், கேட்ட தேதியைப் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் ஃபிலிமை மடிக்காமல், வெயிலில் வைக்காமல் கொண்டுபோங்கள். புது டாக்டரிடம் பழைய டாக்டரின் பெயரை மறைக்க வேண்டாம். என்ன மருந்து ஏற்கெனவே கொடுத்துப் பலிக்கவில்லை என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

"என்ன பிரச்சினைன்னு எல்லார் எதிர்லயும் கேக்கறீங்களே அக்கா?"

கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி என்னிடம் கேட்டது. அவள் சொல்லாமல் நின்றாள், நான் சத்தமாக "என்னம்மா தொந்தரவு?" என்று இரண்டாவது தடவையும் கேட்டேன். பெஞ்சு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் தப்பே செய்யவில்லை, நான்தான் செய்தேன். அன்றிலிருந்து சீட்டும் பேனாவும் மேசையில் வைத்திருக்கிறேன். எழுதி மடித்துக் கொடுங்கள், நானே உள்ளே கொடுத்துவிடுகிறேன். வேறு இடத்துக்குப் போனாலும், "டாக்டர்கிட்டயே சொல்லிக்கறேன்" என்ற ஒரு வரி போதும். அதற்கு மேல் கேட்க யாருக்கும் உரிமையில்லை. நோயாளியின் ரகசியத்தைக் காப்பது டாக்டரின் கடமை என்பதும் விதியில் இருக்கிறது. மேசையில் இருப்பவருக்கும் அது பொருந்தும் என்றே நான் நினைக்கிறேன்.

ஆண் டாக்டர் பரிசோதிக்கும்போது நர்ஸம்மாவோ கூட வந்தவரோ அறையில் இருக்க வேண்டும் என்று பெண்கள் கேட்கலாம். அதேபோல, மாமியாரோ கணவரோ வெளியே இருக்கட்டும் என்றும் கேட்கலாம்.

"அப்பாவுக்குப் பெரிய வியாதின்னு டாக்டர் சொல்லிட்டார். அப்பாகிட்ட சொல்ல வேணாம்னு சொல்லிடட்டுமா?"

இதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது. அவர் தாங்க மாட்டார் என்று பயந்துதான் பிள்ளைகள் கேட்கிறார்கள், அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்த அப்பாக்களை நான் பார்க்கிறேன். மகன் மட்டும் உள்ளே போய் வெகுநேரம் கழித்துக் கண் சிவந்து வருவதை அவரும் பார்க்கிறார். பாதிப் பேருக்குத் தெரிந்தே இருக்கிறது, பேசத்தான் ஆள் இல்லை. முதலில் அவரிடமே, "ரிசல்ட் வந்தா உங்ககிட்ட சொல்லட்டுமாப்பா, நாங்களே பாத்துக்கட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்கிற பதில்படி டாக்டரிடம் பேசுங்கள்.

முதுநகரிலிருந்து வரும் பெரியவர் ஒருவர், மகன் மருந்துக் கடைக்குப் போன நேரத்தில் என்னிடம் வந்து, "ஏம்மா, எனக்கு என்னன்னு உனக்குத் தெரியுமா?" என்றார். நான் சொல்லக் கூடாது, சொல்லவும் இல்லை. மகன் திரும்பியதும் அப்பா கேட்டதை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அவரையே தனியா உள்ள அனுப்புங்க" என்றார். பெரியவரின் நம்பரைக் கடைசிக்கு மாற்றினேன். அன்றைக்கு அவர் நாற்பது நிமிஷம் உள்ளே இருந்தார். இப்படிப் பேச வேண்டியது உங்களுக்கு இருந்தால் பெயர் கொடுக்கும்போதே சொல்லுங்கள், கடைசி டோக்கன் தருகிறேன்.